ஆளும் துறைகளுக்கு, குளிக்கும் துறைகளைப் பற்றி: நெல்லை ஆற்றங்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

தாமிரபரணிக் கரைக்கு ஏதோ ஒரு வகையில் பொறுப்பில் இருக்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு ஊருக்குள் வந்து போனது. அது விட்டுப்போன சேற்றை வீட்டுக்காரர்கள் வீட்டிலிருந்து வழித்துக் கொட்டினார்கள், கடைக்காரர்கள் கடையிலிருந்து வழித்துக் கொட்டினார்கள். படித்துறைகளை வழிக்க ஆள் வரவில்லை. ரயில் சந்திப்புக்கும் குறுக்குத்துறைக்கும் நடுவில் பல இடங்களில் கீழ்ப்படிகள் மண்ணுக்குள் இறுகிக் கிடக்கின்றன. பெயர்ந்த கல் பெயர்ந்த இடத்திலேயே, மல்லாந்த ஆமை மாதிரி கிடக்கிறது. இந்த லட்சணத்தில், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழும் பேச்சு மறுபடியும் எழுகிறது: கரையை அழகுபடுத்தலாம். பளபளக்கும் தரை, எஃகுக் கைப்பிடி, வண்ண விளக்கு, நின்று படம் எடுத்துக்கொள்ள ஆளுயர எழுத்தில் ஊர்ப் பெயர்.

வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்பதையும் அளவோடு சொல்கிறோம். ஆற்றங்கரையில் தினமும் நடப்பவர்களும், வெளியூரிலிருந்து வருபவர்களை இந்தத் தெருக்கள் வழியாக நடத்திக் கூட்டிப்போகிறவர்களும் சேர்ந்து எழுதுவது இது.

எந்தக் கரை என்பதில் குழப்பம் வேண்டாம். திருநெல்வேலி டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு போகிறது. சந்திப்பு ரயில் நிலையத்திலிருந்து ஆத்துப் பாலம் சுமார் ஒரு கிலோமீட்டர். கைலாசபுரம், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை எல்லாம் இந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை. ஆற்றின் போக்குக்கு எதிராக நடந்தால், சந்திப்பிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் குறுக்குத்துறை முருகன் கோயில். ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது என்று சொல்லும் ஒருவர் பையை நிலையத்தில் வைத்துவிட்டு இவ்வளவையும் நடந்தே பார்த்துத் திரும்பலாம். தமிழ்நாட்டில் வற்றாத ஓர் ஆறு, பழைய கல்மண்டபங்கள், இன்றும் ஆள் குளிக்கும் படித்துறைகள், பெரிய ரயில் சந்திப்பு, நான்கும் இத்தனை நெருக்கத்தில் இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த மூன்று மணி நேரம் இன்று எப்படிக் கழிகிறது என்று பாருங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தவருக்கு ஆறு எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு பலகை கிடையாது. ஆட்டோக்காரரைக் கேட்டால் "ஏறுங்க" என்பார், அது அவர் தொழில். முதல் பெரிய சாலையைக் கடப்பதே ஒரு சோதனை. நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவது வழக்கம். 18 மீட்டர் அகலத்தைக் கடக்க அப்படி 15 வினாடி வரும். தர்ப்பணத்துக்கு வரும் எழுபது வயதுக்காரர் 0.8 மீட்டர்தான் போவார். அவருக்கு 22 வினாடிக்கு மேல் வேண்டும். மிச்சம் ஏழு வினாடிக்கு அவர் பேருந்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடுச்சாலையில் நிற்கிறார்.

நடைபாதை இருக்கிறது, நடக்க முடியாது. இடைஞ்சல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியே சொல்கிறது. மின்மாற்றிப் பெட்டி, கடைப் பலகை, வாறுகால் மூடியின் உடைந்த மூலை என்று ஒவ்வொன்றாய்க் கழித்தால் கடைசியில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடம்தான் மிஞ்சும். சந்துக்குள் நுழைந்து படித்துறையின் தலைப்பை எட்டினால் அங்கே வரிசையாக இருசக்கர வண்டிகள். இதற்குக் கம்பம் நடுவது தீர்வு என்று யாராவது சொல்வார்கள். சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் வேண்டும், அந்த இடைவெளியில் பைக் தாராளமாக நுழையும். பைக்கைத் தடுக்கும்படி நெருக்கி நட்டால் நாற்காலியும் நின்றுவிடும். வண்டிக்கு நூறடி தள்ளி ஓர் இடம் காட்டிவிட்டு, படியின் தலைப்பில் நிறுத்தினால் அபராதம் என்று வைப்பது ஒன்றே வழி.

இப்போது படிக்கு வருவோம். இந்த மடலின் கனம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு படிக்கல்லை மட்டும் குனிந்து பாருங்கள். மேல்கல்லின் முன்விளிம்பு கீழ்க்கல்லின் பின்விளிம்பில் நாலு விரற்கடை ஏறி உட்கார்ந்திருக்கும். மேல்கல்லின் பாரம்தான் கீழ்க்கல்லைப் பிடித்துவைக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி. அந்த இடைவெளி கட்டியவனின் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளம் வரும்போது படிக்குப் பின்னாலிருக்கும் மண் முழுக்க ஊறிப்போகும். ஆறு ஓரிரு நாளில் இறங்கிவிடும், மண்ணில் ஊறிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அது வெளியேற வழி தேடும். இடுக்கு இருந்தால் கசிந்து போய்விடும். சிமென்ட் பூசி இடுக்கை அடைத்திருந்தால், மொத்த அழுத்தமும் கல்லின் முதுகில் விழுந்து கல்லை ஆற்றுப் பக்கம் தள்ளும். அரை அங்குலம் நகர்ந்தால் போதும், கல் ஆடும். ஆடும் கல்லின் மேல் ஈரக்காலோடு ஒரு பாட்டி கால் வைத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் எழுதத் தேவையில்லை.

பழுதுபார்க்க வருபவர்கள் செய்வது என்ன? ஆடும் கல்லுக்கு அடியில் ஒரு சட்டிக் கலவையைத் திணித்து, மேலே சிமென்டால் மெழுகிவிட்டுப் போகிறார்கள். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுப்பது இது. அடுத்த வெள்ளத்தில் ஒரு கல்லுக்குப் பதில் நாலு கல் பெயர்கிறது.

முறையாகச் செய்தால் வேலை கீழிருந்து தொடங்கும். தண்ணீருக்குள் இருக்கும் அடிக்கல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீரோட்டம் அதன் காலடி மணலை அரித்திருந்தால் மேலே எத்தனை கல்லைச் சரிசெய்தாலும் மொத்தப் படிவரிசையும் சரியும். அரித்த இடத்தில் பெருங்கல் இட்டு நிரப்பி, அடிக்கல்லை நிலைநிறுத்தி, பிறகு ஒவ்வொரு வரிசையாக மேலேறி வரவேண்டும். கல்லுக்குப் பின்னால் ஒரு சாண் கனத்துக்கு உடைகல்லும் சரளையும் போட்டால் தண்ணீர் வரும், மண் வராது. கல்லை மட்டமாக வைக்கக்கூடாது, ஆற்றுப் பக்கம் ஐம்பதுக்கு ஒன்று சரிவு வேண்டும். 30 சென்டிமீட்டர் அகலப் படிக்கு அது 6 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த 6 மில்லிமீட்டர் இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் பாசி பிடிக்கும்.

பாசி என்றதும் இன்னொன்று. படியில் பளிங்கு மாதிரி தேய்த்த கிரானைட் பலகையோ ஓடோ பதிப்பது ஆளை வழுக்கிவிடவென்றே செய்வது. காய்ந்திருக்கும்போது திறப்பு விழாப் படத்தில் அழகாக இருக்கும். உளி கொத்திய சொரசொரப்பான கருங்கல்தான் ஆற்றுப்படிக்கு ஆகும். அதுவும் கால்பட்டுக் கால்பட்டு மழுங்கும். அம்மி கொத்துவது போல அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொத்திவிட வேண்டும். அம்மி கொத்தத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன, கொத்துக்கூலி கேட்டால் தலை சுற்றாது.

இதற்கெல்லாம் காலம் ஒன்று உண்டு. பிசான நெல் அறுவடை முடிந்து ஆற்றில் நீர் குறையும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அடிக்கல் கண்ணுக்குத் தெரியும். அடுத்த கார் நெல் பருவத்துக்கு ஜூனில் தண்ணீர் திறந்துவிட்டால் கீழ்ப்படி மறைந்துவிடும். ஆகவே ஒப்பந்தம் பிப்ரவரிக்குள் முடிந்திருக்க வேண்டும். நடப்பது வேறு. மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழித்தாக வேண்டும் என்று கடைசி இரண்டு வாரத்தில் மேல்படிகளில் மட்டும் சிமென்ட் மெழுகப்படுகிறது. கீழே யாரும் இறங்குவதில்லை.

கைப்பிடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். வயதானவர்களுக்குப் பிடிமானம் கட்டாயம் வேண்டும், 90 சென்டிமீட்டர் உயரத்தில், கையில் அடங்கும் பருமனில். ஆனால் அதைப் படிக்கல்லில் துளை போட்டு நிரந்தரமாக நட்டால், வெள்ளத்தில் வரும் மரக்கிளையும் வாழைத்தாரும் துணி மூட்டையும் அதில் சிக்கும். சிக்கியதை ஆறு இழுக்கும்போது கம்பி மட்டும் போகாது, கல்லையும் பெயர்த்துக்கொண்டு போகும். கல்லில் குழாய்ச் செருகி பதித்து, கம்பியைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். அக்டோபரில் கழற்றி, தை அமாவாசைக்கு முன் மாட்டலாம். இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை.

கரை ஓரத் தரைக்கு இப்போது எங்கே பார்த்தாலும் இணைப்புக் கற்கள் (பேவர் பிளாக்) பாவுகிறார்கள். அது மணல் படுக்கையில் உட்கார்வது. ஒரு வெள்ளம் இடுக்கு வழியே மணலை உறிஞ்சிக்கொண்டு போனால் கற்கள் ஆங்காங்கே அமுங்கும். ஒரு விரற்கடை மேடுபள்ளம் போதும், கால் தடுக்கி விழ. ஆற்றங்கரைக்குப் பட்டியக்கல் பாவுங்கள், முடியாவிட்டால் இறுகத் திமிசு போட்ட சரளைத் தரையே போதும்.

விளக்கு வைக்கிறீர்களா, நல்லது. மின்பெட்டியை 2023 வெள்ளம் தொட்ட உயரத்துக்கு மேலே வையுங்கள். வெளிச்சம் படியின் மேல் விழட்டும், குளிப்பவர் முகத்தில் வேண்டாம்.

அடுத்தது சாக்கடை. இதைச் சொல்லாமல் படியைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் வீண். கரையில் நின்று பார்த்தால் தெரியும்: கழிவு வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை கரையை ஒட்டியே போகும். நடு ஆறு தெளிவாகத்தான் இருக்கும். ஓடும் ஆற்றில் தண்ணீர் குறுக்கே கலக்க நெடுந்தூரம் ஆகும். அதுவரை கழிவு கரையோரம்தான் போகும், படித்துறையும் கரையோரம்தான் இருக்கிறது. ஆக, ஆறு மொத்தமாகப் பார்த்தால் பரவாயில்லை என்று நடு ஆற்றில் எடுத்த மாதிரியின் ஆய்வறிக்கையைக் காட்டுவதில் பொருளில்லை. முழங்கால் ஆழத்தில், ஆள் வாய் கொப்பளிக்கும் இடத்தில் மாதிரி எடுங்கள். வாய்க்கால் வாயில் கம்பி வலை போடுவதால் பிளாஸ்டிக் நிற்கும், கழிவு நிற்காது. ஆற்றை எட்டும் முன்பே குறுக்கே மடக்கி, பாதாளச் சாக்கடைக்குத் திருப்ப வேண்டும். அதுவரைக்கும் எந்தப் படித்துறைக்கு மேலே வாய்க்கால் சேர்கிறது என்று பலகையாவது வையுங்கள். உள்ளூர்க்காரருக்கு எங்கே இறங்கக்கூடாது என்று தெரியும், தர்ப்பணத்துக்கு வெளியூரிலிருந்து வருபவர் சாக்கடைக்குக் கீழே நின்று தலை முழுகுகிறார்.

இந்தத் தண்ணீரால்தான் அல்வாவுக்கு அந்த ருசி என்று ஊர் உலகமெல்லாம் சொல்லி விற்கிறோம். அந்தத் தண்ணீரின் கதி இது. யாருக்கு யார் அல்வா கொடுக்கிறோம் என்று சில நேரம் தெரியவில்லை.

அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, இதன் தொடர்ச்சிதான். கழிவு சேர்ந்து நீர் தேங்கும் மூலையில் அது மண்டும். இயந்திரத்தை விட்டு அள்ளி, அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அது மறுபடியும் ஆற்றில்தான் இருக்கும். விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். பூக்கும் முன் அள்ள வேண்டும், மேல்வாட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், அள்ளியதை அன்றே வண்டியேற்ற வேண்டும். கீழ்வாட்டத்தில், பாலத்தில் போவோர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் அள்ளுவது படத்துக்குத்தான் ஆகும்.

கல்மண்டபங்கள். வழிநடையாக வந்தவர்கள் இளைப்பாறக் கட்டியவை. நடந்து வருபவருக்கு நிழலும் உட்கார இடமும் தர இன்றைக்கும் அவற்றை விட்டால் வேறில்லை. கூரைக்கல் இடுக்கில் ஆலும் அரசும் முளைத்திருக்கின்றன. கிளையை மட்டும் வெட்டிவிட்டுப் போனால் வேர் இன்னும் பருத்து, கல்லை இன்னும் நெம்பும். வேரோடு எடுத்து, அந்த இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். மண்டபத்துக்குப் பளிச்சென்று எனாமல் வண்ணம் அடிக்காதீர்கள், மணல் பீய்ச்சிக் கழுவாதீர்கள். கல் முகத்தில் இருக்கும் உளி வேலை போய்விட்டால் எந்த நிதி ஒதுக்கீட்டாலும் திரும்பி வராது. தைப்பூசத்தன்று தீர்த்தவாரி காணும் தைப்பூச மண்டபத்துக்கு மட்டும் அந்த ஒரு நாளை ஒட்டி விளக்குமாறு வருகிறது. மீதி நாட்களில் அங்கே உட்காருவதற்கு முன் எதன் மேல் உட்காருகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரையில் எதைக் கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டாம், குறுக்குத்துறைக்குப் போய்ப் பாருங்கள். கோயில் ஆற்றுக்குள்ளேயே, பாறைக்கு மேல் நிற்கிறது. வெள்ளத்தை எதிர்கொள்ளும் பக்கம் படகின் மூக்கு மாதிரி கூராக இருக்கும், வரும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகும். பெருவெள்ளத்தில் கோயில் மூழ்கும். மூழ்கும் என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும் அறிகுறி தெரிந்தால் உற்சவரையும் பண்டபாத்திரங்களையும் கரைமேல் இருக்கும் மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளங்களைத் தாண்டி அது நிற்கிறது. ஆற்றைத் தடுக்காமல், ஆற்றுக்கு வழிவிட்டு நிற்பது அதன் சூட்சுமம். கரையோரம் ஆளுயரச் சுவர் எழுப்பி ஆற்றை நெருக்குவது அதற்கு நேர் எதிர். சுவர் 1.2 மீட்டரைத் தாண்டினால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சிறு பிள்ளைக்கும் ஆறே கண்ணில் படாது.

திருச்செந்தூர் மூலவர் திருமேனிக்குக் கல் எடுத்தது இந்தக் குறுக்குத்துறைப் பாறையில்தான் என்பது ஊர் நம்பிக்கை. வருபவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் பாறையைப் பார்க்கிறார்கள், பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கும் பழைய வேட்டியையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றில் விடும் வழக்கத்தைப் பலகை எழுதி நிறுத்திவிட முடியாது. துணி போட ஒரு பெரிய தொட்டியைப் படியின் கடைசி மேல்வரிசையிலேயே வையுங்கள், தெருமுனையில் வைத்தால் ஈரத்துணியோடு யாரும் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். பக்கத்திலேயே பெண்கள் உடை மாற்ற, தாழ்ப்பாள் விழும் கதவோடு ஓர் அறை.

ஆத்துப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற உயர் பதவியில் இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டு எழுப்பியது, 1843-இல் திறந்தது. 60 அடி விட்டத்தில் 11 வளைவுகள், 760 அடி நீளம், கட்டிய நாளில் 21.5 அடி அகலம். அதுவரை படகை நம்பி ஆற்றைக் கடந்த இரண்டு ஊர்களை அது ஒட்டிவைத்தது. பாலத்தில் நடந்தால் வளைவு தெரியாது, கீழே கரையில் நின்றால்தான் தெரியும். கரையில் நிற்க இடமில்லை. பாலத்தின் மேல் ஒரு நிமிடம் நின்று ஆற்றைப் பார்த்தால் பின்னால் ஹாரன். பக்கத்திலேயே இணைப் பாலம் வந்த பிறகாவது பழைய பாலத்தின் ஓர் ஓரத்தை நடப்பவருக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கொக்கிரகுளம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலம் ஆட்சியர் அலுவலகம் அருகே தடியடியில் சிதறியபோது 17 பேர் இந்த ஆற்றில் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் வந்து ஆற்றில் மலர் தூவுகிறார்கள். கரையில் கூட்டம் கூடும் என்பது தெரிந்த சங்கதி: ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, தைப்பூசம், 2018 அக்டோபரில் புஷ்கர நீராட்டு. ஒரு மீட்டர் அகலப் படியில் நிமிடத்துக்கு ஐம்பது அறுபது பேர்தான் ஏறமுடியும், ஈரப்படியில் அதுவும் கிடையாது. ஒரே வழியில் இறங்கி அதே வழியில் ஏறும் துறையில் இரண்டும் முட்டும்போது, கால் வழுக்கிய ஒருவர் போதும். இறங்க ஒரு வழி, ஏற ஒரு வழி என்று பக்கத்துப் பக்கத்துத் துறைகளைக் கரைமேல் இணைத்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம். அதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம், நடுவிலிருக்கும் குப்பைமேட்டை அகற்றினால் பாதை தன்னால் வரும்.

நடத்திக் கூட்டிப்போகும் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறோம். படித்துறை குளியலறையும்தான். காலை ஆறு முதல் எட்டு வரை கேமராவோடு அங்கே இறங்குவது இன்னொருவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். நாங்கள் ஆட்களை மாலை நான்குக்கு மேல்தான் இறக்குகிறோம், மேற்குக் கரைப் படிகளில் அப்போது நிழலும் விழுந்திருக்கும். குளிக்கும் துறையில் படம் எடுக்கக்கூடாது என்று நீங்களும் எழுதி வைத்தால் எங்கள் பேச்சுக்குப் பலம் வரும். அழகுபடுத்துகிறோம் என்று துணி துவைப்பவர்களையும் குளிப்பவர்களையும் விரட்டிவிடாதீர்கள். அவர்கள் இருப்பதால்தான் அது படித்துறை.

இவ்வளவையும் நாங்கள் வாயால் சொல்லாமல் இல்லை. சொன்னபோது கிடைத்த பதில்தான் இந்த மடலை எழுதவைத்தது. படி எங்களுடையதல்ல என்றார் ஒருவர். மண்டபம் கோயிலுக்குச் சேர்ந்தது, ஆறு இன்னொருவருக்கு, சாலை வேறொருவருக்கு, வாய்க்கால் மற்றொருவருக்கு. இந்த ஆற்றில் குளிக்கும் துறைகளை எண்ணிவிடலாம், ஆளும் துறைகளை எண்ண முடியவில்லை. ஒரு படிக்கல் ஆடினால் அதை யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

எனவே நாங்கள் கேட்பது:

சந்திப்பிலிருந்து குறுக்குத்துறை வரையும், மறுகரையில் கொக்கிரகுளத்திலிருந்து வண்ணார்பேட்டை வரையும் உள்ள ஒவ்வொரு படித்துறைக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குப் பொறுப்பான ஒரே ஒரு அலுவலரின் பதவியையும் புகார் சொல்லும் எண்ணையும் படியின் தலைப்பில் எழுதி வையுங்கள். யார் என்பதை உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள், எங்களை ஐந்து வாசலுக்கு அலையவிடாதீர்கள்.

வரும் ஏப்ரல் தொடக்கத்திலேயே எல்லாத் துறைகளிலும் சேறு அகற்றி, அடிக்கல்லைப் பார்த்து, எந்தத் துறையில் எத்தனை கல் பெயர்ந்திருக்கிறது என்ற பட்டியலைப் பொதுவில் வையுங்கள். பழுதுபார்ப்பு ஏப்ரல், மே மாதங்களில், கல் வேலை தெரிந்த ஆட்களைக் கொண்டு, இடுக்கை அடைக்காமல் நடக்கட்டும். அது முடியும் வரை கரையில் எந்த அழகு வேலைக்கும் ஒரு ரூபாய் ஒதுக்காதீர்கள்.

படித்துறைகளுக்கு மேல்வாட்டத்தில் சேரும் கழிவு வாய்க்கால்களை முதலில் திருப்புங்கள், மற்றவை பிறகு. திருப்பும் வரை எச்சரிக்கைப் பலகை. நீர் மாதிரியைப் படியோரத்தில் எடுத்து, முடிவை அங்கேயே மாதம் ஒருமுறை ஒட்டுங்கள்.

ஒவ்வொரு துறையிலும் ஒரு மண்டபத் தூணிலோ தனிக் கம்பத்திலோ 1992, 2023 வெள்ளங்கள் தொட்ட உயரத்தைத் தகடு வைத்துக் குறியுங்கள், தூணைச் செதுக்க வேண்டாம். கடைசிப் படியிலிருந்து ஆழம் எத்தனை, எங்கே மடு, பாலத் தூணுக்குக் கீழே எங்கே சுழி என்பதையும் எழுதுங்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் அது இங்கே வந்துசேரச் சில மணி நேரம் இருக்கிறது, அதற்குள் கரையில் ஒலிபெருக்கி பேச வேண்டும்.

நிலைய வாசலிலிருந்து ஆறு வரை 1.8 மீட்டர் இடைஞ்சலில்லாத நடைபாதை, கடக்கும் இடத்தில் 23 வினாடிக்குக் குறையாத பச்சை விளக்கு, "ஆத்துப் பாலம், நடந்து 15 நிமிடம்" என்று தமிழில் எழுதிய பலகைகள்.

திட்டம் தீட்டும் அலுவலர்கள், வரைபடத்தில் கையெழுத்திடும் முன், ஒருநாள் சந்திப்பிலிருந்து குறுக்குத்துறை வரை வாகனம் இல்லாமல் எங்களோடு நடந்து வாருங்கள். தை அமாவாசையன்று காலையானால் நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டு, கீழ்ப்படி வரைக்கும் இறங்க வேண்டியிருக்கும்.

நெல்லை ஆற்றங்கரையில் நடப்பவர்களும் நடத்திச் செல்பவர்களும்